தூக்கமா, நாக்கா

எனேசி அழுதால் ஊர் சிரிக்கும். அவள் விழுந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்கும். அது ஊரின் கொடுமையும் இல்லை, அவள் செய்த பாவமும் இல்லை. அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்து சேர்ந்த பதவி அப்படி.

ருசாப்பே சந்தையில் பழைய துணி மூட்டை பிரித்து விற்பது அவள் பிழைப்பு. ஆனால் ஊர் அவளை அறிந்தது சினெம்பிரி குடும்பத்துச் சஹ்விராவாக. சஹ்விரா என்றால் கேலி பேசுவதற்கென்றே ஒரு குடும்பத்துக்கு வாய்த்த சினேகிதம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மூக்கை அளந்து பார்க்கலாம். சாவு வீட்டில் அதிகாரம் இன்னும் பெரிது. செத்தவரின் சட்டையை மாட்டிக்கொண்டு, அவர் நடந்த நடையை நடந்து, அவர் திட்டிய திட்டைத் திட்டி, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சஹ்விரா செத்தால் அந்தக் குடும்பம் வந்து பதிலுக்கு இதையே செய்யும். எனேசியின் அப்பா அதைச் செய்தார். அவர் போன பிறகு இருபது வருஷமாக எனேசி செய்கிறாள். சும்மா சொல்லக்கூடாது, அப்பனை மிஞ்சியவள். அவள் நடிப்பைப் பார்த்துவிட்டு, ‘பரவாயில்லை, சாகலாம்’ என்று சொல்லிப் போன கிழடுகள் உண்டு.

இந்தப் பதவியில் ஒரே ஒரு தொல்லை. சஹ்விரா சொல்லும் எதையும் யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்வதில்லை.

போன ஜூனில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், அவளுக்குத் தூக்கம் போயிற்று. பின்னாலேயே பசி போயிற்று. சட்ஸாக் களி வாயில் வைத்தால் ஈரக் காகிதம் போல இருந்தது. புது மூட்டை பிரித்தால் நல்ல கோட்டு எது என்று முதலில் கை விட்டுத் துழாவுகிறவள், அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருந்தாள். இதற்கு எங்கள் பக்கத்தில் ‘அதிக யோசனை’ என்று பெயர். அது ஒரு நோய்தான் என்று எல்லோருக்கும் தெரியும், அடுத்தவருக்கு வந்தால்.

சந்தையில் சொன்னாள், சிரித்தார்கள். சபைப் பெண்களிடம் சொன்னாள், அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் லாசரோவிடம் போனாள்.

லாசரோ சினெம்பிரிக்கு எழுபத்தொன்பது வயது. குடும்பத்துக்கே பெரியவர், ஆகவே எனேசியின் கேலிக்கும் முதல் உரிமைக்காரர். முப்பத்தொரு வருஷம் ருசாப்பேயிலிருந்து நியாங்காவுக்குப் பேருந்து ஓட்டினார். ஒரு நாள்கூடச் சரியான நேரத்துக்கு வண்டியை எடுத்ததில்லை. எப்போதும் பத்து நிமிஷம் முன்னாலேயே கிளப்பிவிடுவார். நேரம் எழுதும் தாளில் மட்டும், நாள் தவறாமல், சரியான நேரத்தை முதல் நாளே எழுதி வைத்துவிடுவார். ஒரு தடவை சொந்த மனைவி ரோடாவையே விட்டுவிட்டுப் போனார். அந்த அம்மாள் கையில் கோழியோடு வண்டிக்குப் பின்னால் ஓடி வந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. மறக்க எனேசி விட்டால்தானே. இப்போது நெஞ்சில் கோளாறு. அக்டோபர் வெயிலிலும் பழுப்புக் கோட்டைக் கழற்றாமல், வாசல் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற பேருந்துகளைத் திட்டிக்கொண்டிருப்பார்.

"கிழவா, ராத்திரியில கண்ணு மூடல. எதுக்கு உயிரோட இருக்கேன்னே தெரியல" என்றாள் எனேசி.

"அதத்தானேடி நான் இருபது வருஷமா கேக்குறேன், நீ எதுக்கு இருக்கேன்னு!" என்று அவர் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ரோடா அம்மாள் வந்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

எனேசி சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே நர்ஸ் ஷைலெட். அவளும் சினெம்பிரி பெண்தான், லாசரோவின் தங்கை மகள். இங்கேதான் விதி நன்றாக விளையாடியது. ஷைலெட்டின் அம்மா உயிரோடு இருந்தபோது வாரம் தவறாமல் இதே நிலையத்துக்கு வந்து, தூக்கமில்லை, பசியில்லை, முதுகு வலி என்று வரிசையாகப் புலம்புவாள். அந்த அம்மாள் செத்த அன்று எனேசி அந்தப் புலம்பலை அப்படியே நடித்துக் காட்டியிருந்தாள். இப்போது அதே மேசை முன்னால் நின்று, "தூக்கம் இல்ல ஷைலெட். பசி இல்ல. திடீர் திடீர்னு அழுகை வருது" என்றதும், ஷைலெட் மேசையைப் பிடித்துக்கொண்டு விலா நோகச் சிரித்தாள்.

"ஐயோ அக்கா, அப்படியே எங்கம்மா! அந்த முதுகப் புடிச்சுக்கிட்டு நிக்கிறத மறந்துட்டியே!"

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். தலைவலி மாத்திரை நான்கு கொடுத்து அனுப்பினாள் ஷைலெட். இரண்டாம் தடவையும் அதே சிரிப்பு, அதே நான்கு மாத்திரை. மூன்றாம் தடவை போனது ஒரு வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் வெளியூரிலிருந்து டாக்டர் வருவார். பெயர் ம்தாபிசி ந்திவேனி, புலவாயோக்காரர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வெளியே என்ன கூத்து என்று பார்க்க வந்தவர், நடுவில் எனேசி ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நிற்பதைக் கண்டார்.

உள்ளே உட்கார வைத்தார். எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, "எப்பலேர்ந்து?" என்றார்.

எனேசிக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று மாதத்தில் ஒரு மனிதர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

"ஜூன்லேர்ந்து" என்றாள்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

"நான் மத்தவங்க சாவுக்குப் போறவ டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அப்படி ஒருவர் காத்திருந்தால் என்னதான் செய்வது?

"தோணும்" என்றாள். "ஆனா என் சாவுக்கு அந்த லாசரோக் கிழவன் வந்து என்னெல்லாம் பேசுவான்னு நெனச்சா, ஆத்திரத்துல எழுந்து உக்காந்துடுவேன்."

டாக்டர் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு, ‘உயிரோடு இருக்கக் காரணம்’ என்று அவளுடைய அட்டையில் எழுதிக்கொண்டார்.

பிறகு இரண்டு புட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் நிலையத்து அலமாரியில் இந்த நோய்க்கு இருப்பது இரண்டே மாத்திரை. ஒன்று ராத்திரி போடுவது, இன்னொன்று காலையில் போடுவது.

"ராத்திரி மாத்திரை போட்டா தூக்கம் வரும். வாய் காயும். சடார்னு எழுந்தா தலை சுத்தும். உடம்பு போடலாம். காலை மாத்திரை போட்டா மொத ரெண்டு வாரம் வயித்தப் புரட்டும், தூக்கம் இன்னும் கெடலாம். வாய் அவ்வளவா காயாது. எதப் போட்டாலும் மனசு தேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும்."

"எது உசத்தி டாக்டர்?"

"உசத்தின்னு ஒண்ணும் இல்ல. எந்தத் தொந்தரவோட உங்களால வாழ முடியும்? அதத்தான் பாக்கணும்."

"ரெண்டையும் சேத்து? களிக்குக் கீரை மாதிரி?"

"கூடாது."

இந்த மனிதரிடம் வாயைக் கொடுத்து என்ன லாபம் என்று எனேசி புரிந்துகொண்டாள். காலை மாத்திரைதான் உங்களுக்குப் பொருந்தும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். மூன்று மாதம் தூங்காதவளிடம் தூக்கத்தைக் காட்டிவிட்டு வேறு எதைச் சொல்லி என்ன? அவள் ராத்திரி மாத்திரைக்குத்தான் கை நீட்டினாள். அவரும் மனமில்லாமல், வாரத்துக்கு வாரம் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், மொத்தமாகத் தர மாட்டேன் என்று சொல்லிக் கொடுத்தார்.

தூங்கினாள். அடடா, என்ன தூக்கம்! கூரையைப் பெயர்த்துக்கொண்டு போனாலும் தெரியாத தூக்கம். பக்கத்துக் கடைக்காரி வந்து கதவைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக டாக்டர் கூட்டினார். வாய் மட்டும் சுண்ணாம்பு தின்றது போல வறண்டு கிடந்தது. துணிதானே விற்கிறோம், பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

அப்போதுதான் சினெம்பிரி குடும்பத்தில் ஒருவர் செத்துப்போனார். சபையில் மூப்பர். குடிகாரர் என்பது ஊருக்குத் தெரியும், சபைக்கு மட்டும் தெரியாது. சஹ்விராவுக்கு இதைவிடக் கொழுத்த தீனி கிடைக்காது. எனேசி அவருடைய தொப்பியை மாட்டிக்கொண்டு நடுவில் வந்து குந்தினாள், ஜெபத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சொல் வரவில்லை. பதறிப்போய்ச் சடாரென்று எழுந்தாள், கண் இருட்டிக்கொண்டு வந்தது, கீரை நறுக்கி வைத்திருந்த அண்டாவுக்குள் போய் உட்கார்ந்தாள்.

ஊர் உருண்டு புரண்டு சிரித்தது. குடிகார மூப்பரை இதைவிடத் தத்ரூபமாக நடிக்க ஆள் உண்டா என்று மெச்சினார்கள். மூப்பரின் விதவையே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனேசி மட்டும் அண்டாவுக்குள் உட்கார்ந்தபடி, என் பிழைப்பு முடிந்தது என்று நினைத்தாள். பேச்சு போன பிறகு சஹ்விரா எதற்கு?

சிரிக்காதவர் இன்னொருவரும் இருந்தார். கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்த லாசரோ கையசைத்து அவளைக் கூப்பிட்டார்.

"அடியே, அது நடிப்பு இல்ல."

"பின்ன என்னவாம்?"

"நீ குடிகாரன நடிச்சா வலது கால்தான் மொதல்ல தடுமாறும். இருபது வருஷமா பாக்குறேன். இன்னிக்கு ரெண்டு காலும் சேந்து போச்சு." குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு வந்து சொன்னியே, தூக்கம் இல்ல, எதுக்கு இருக்கேன்னு தெரியலன்னு. நிஜமா?"

"நிஜம்."

லாசரோ கோட்டின் கழுத்துப் பட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். அவரும் சிரித்தவர்தானே. முகத்தில் ஈயாடவில்லை.

"மாத்திரையா வாயக் கட்டுது?"

"ஆமா. வேற ஒண்ணு இருக்காம். வாயக் கட்டாது, ஆனா தூக்கத்தக் கெடுக்குமாம்."

"மாத்திக்க."

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்ட. தூங்காம கெடந்தது நானு."

"எனக்கென்னவா? நான் சாகப்போறேன்டி! நீ நாக்கில்லாம நின்னா எனக்கு யாரு பண்ணுவா? என் தம்பி மவன் ஓனியாஸா? கழுத்துல டையைக் கட்டிக்கிட்டு வந்து நிப்பான். அவன் என்னை நடிச்சா நான் பெட்டியிலேர்ந்து எறங்கி வந்து அறைவேன்."

அன்றைக்கு ராத்திரி எனேசி கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தூக்கத்தோடு ஊமையாக இருப்பதா, தூங்காமல் நாக்கோடு இருப்பதா? எந்தத் தொந்தரவோடு வாழ முடியும் என்று டாக்டர் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முழுங்கிவிட்டுப் படுத்தாள். வியாழக்கிழமை போய், "மாத்திக் குடுங்க டாக்டர், எனக்குப் பேசணும்" என்றாள்.

அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பழையதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, நவம்பர் முதல் தேதி காலை டீயோடு புதியதை ஆரம்பிக்க வைத்தார். ஆறு வாரம் பொறுங்கள் என்றார். எனேசி நேராக லாசரோ வீட்டுக்குப் போனாள்.

"கிழவா, ஆறு வாரம். டிசம்பர் பன்னண்டு. அதுக்கு முன்னாடி செத்துத் தொலைச்சுடாதே. தலையில ஒரு கேலி கெடையாது, காலிச் சட்டி மாதிரி இருக்கு."

"என் வாழ்க்கையில நேரம் தவறினது உண்டா?" என்றார் லாசரோ. உள்ளே இருந்து ரோடா அம்மாள் பெரிதாகத் தொண்டையைச் செருமினாள்.

சுவர்க் காலண்டரிலிருந்து நவம்பர், டிசம்பர் இரண்டு தாளையும் கிழவர் கிழித்து எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் எனேசி அந்தக் கதவைத் தாண்டித்தான் சந்தைக்குப் போக வேண்டும். "போட்டியா?" என்று கத்துவார். "போட்டேன்" என்று இவள் கத்துவாள். கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து அன்றைய தேதியை அடித்துவிட்டு மறுபடி உள்ளே வைப்பார். முதல் வாரம் அவளுக்குக் குமட்டல். இரண்டாம் வாரம் கூரைத் தகடுகளை ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டு கிடந்தாள், நாற்பத்தெட்டு இருந்தது. டாக்டரைத் திட்டினாள், கிழவரைத் திட்டினாள். மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், சந்தைச் சாப்பாட்டுக் கடையில், கீரையில் உப்பில்லை என்று எழுந்து நின்று சண்டை போட்டாள். பாதிச் சண்டையில் திடுக்கிட்டு நிறுத்தினாள். உப்பில்லாதது நாக்குக்குத் தெரிந்திருக்கிறதே! அந்தக் கடைக்காரியைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, உப்பை மட்டும் கொண்டுவந்து கொட்டினாள்.

நவம்பர் முப்பதாம் தேதி லாசரோ செத்துப்போனார். வழக்கம்போல வண்டியை முன்னாலேயே கிளப்பிவிட்டார்.

அடக்கத்தன்று காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. பந்தலுக்குக் கீழே ஊரே நின்றது. ஓனியாஸ் நீல டை கட்டி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு தயாராக இருந்தான். ரோடா அம்மாள் அவனைத் திரும்பிப் பார்க்காமல் பழுப்புக் கோட்டைக் கொண்டுவந்து எனேசி கையில் கொடுத்தாள். எனேசி மாட்டிக்கொண்டாள். வாயில் ஈரம் இருந்தது, நாக்கு புரண்டது. தலையில் மட்டும் ஒன்றுமே இல்லை. இருபது வருஷம் இந்தக் கிழவனைக் கேலி செய்திருக்கிறாள், ஒரு வரிகூட எழும்பவில்லை. நெஞ்சு முழுக்க அழுகைதான் இருந்தது. ஊர் இப்போதே உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்புக்குக் காத்திருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். இரண்டு காலண்டர் தாள்கள் வந்தன. பிரித்துப் பார்த்தாள். நவம்பர் முழுக்கப் பெருக்கல் குறி. அது சரி. அடுத்த தாளைப் பார்த்தாள். டிசம்பர் ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வரை எல்லாத் தேதியும் ஒழுங்காக அடித்து முடிக்கப்பட்டிருந்தது.

திருட்டுக் கிழவன். போகப்போவது தெரிந்ததும், பழைய வழக்கப்படி, தாளில் மட்டும் சரியான நேரத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

எனேசிக்கு வயிற்றின் அடியிலிருந்து சிரிப்பு வந்தது. ஜூனுக்குப் பிறகு அவளுடைய முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கூட்டத்திடம் தாளைக் காட்டி, அவருடைய கரகரத்த குரலில், "பாத்துக்குங்க! நேரம் தவறாம டிசம்பர் பன்னண்டாம் தேதிதான் கெளம்புறேன்! தாள்ல எழுதியிருக்கு!" என்றாள். பந்தல் அதிர்ந்தது. பிறகு யார் அவளைப் பிடிக்க? பெட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து, ஹாரன் அடித்தாள். "ஏறு, ஏறு! நியாங்கா, நியாங்கா! யாரு அங்க ஓடி வர்றது, கோழியோட? என் பொண்டாட்டியா? அடுத்த வண்டியில வரட்டும்!" ரோடா அம்மாள் சிரித்த சிரிப்பில் தலைத்துணி அவிழ்ந்து விழுந்தது. ஓனியாஸ்கூட டையைத் தளர்த்திக்கொண்டு சிரித்தான்.

எனேசி வண்டியைக் கிளப்பப் போனவள், கண்ணாடியில் பின்னால் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"கடைசி சீட்டுல யாரு? எனேசியா? உன்னை யாரு இந்த வண்டியில ஏறச் சொன்னது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடா" என்றார் லாசரோ. அவருடைய குரல்தான், அவர் கோபப்படும்போது வரும் அதே இருமலோடு. "இவ ஜூன்லேர்ந்து தூங்கல. உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து சொன்னா. எல்லாரும் சிரிச்சீங்க. நானுந்தான் சிரிச்சேன். தெனமும் காலையில டீயோட மாத்திரை போடுறா. இந்த வண்டியில ஏறக் கூடாதுன்னுதான் போடுறா."

ரோடா அம்மாள் சிரிப்பை நிறுத்தி, விழுந்த தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். சஹ்விரா சொன்னால் யாரும் நம்ப வேண்டியதில்லை. செத்தவர் சொன்னால்?

"எறங்குடி. இது உன் வண்டி இல்ல. பின்னால மெதுவா வா. ஒண்ணும் அவசரம் இல்ல."

எனேசி எழுந்தாள். கோட்டைக் கழற்றிப் பெட்டி மேல் போட்டாள். பிறகு அழுதாள். யாரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் அட்டையைப் பார்த்து, லாசரோ என்ற பெயரை அடித்துவிட்டு, "இப்ப யார் பேர எழுதட்டும்?" என்றார்.

"உங்க பேரையே எழுதிக்குங்க. நீங்க வந்து பேசினா என் சாவுல ஜனங்க தூங்கிடுவாங்க. அந்த அவமானத்துக்கு பயந்தே நான் இருப்பேன்."

டாக்டர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் தன் பெயரை எழுதிக்கொண்டார்.

அதற்கு மறு வாரம், சந்தை கலையும் நேரத்தில் ஷைலெட் கடைக்கு வந்தாள். நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை. ஒரு கம்பளிச் சட்டையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி அதையே எடுத்தாள். தையலைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"அக்கா, எனக்கும் தூக்கம் இல்ல. வேலைக்கு வந்ததும் மொதல்ல கக்கூஸுல போய் நின்னு அழுதுட்டுத்தான் வெளிய வரேன்."

பக்கத்துக் கடைக்காரி கேட்டுவிட்டாள். சஹ்விராவிடம் சினெம்பிரி பெண் விளையாடுகிறாள் என்று நினைத்து, கடகடவென்று சிரித்தாள். எனேசியின் நாக்கு நுனியிலும் ஒன்று வந்து நின்றது. மருந்து அலமாரியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு துணிக்கடைக்கு வந்திருக்கிற நர்ஸைப் பற்றி. அருமையான கேலி. தேடாமல் தானாக வந்தது.

அதை முழுங்கினாள். மூட்டையை ஒரு பக்கம் தள்ளி, ஷைலெட்டைக் கைபிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.